எம். எஸ். நரசிம்மன்

முடும்பை சேஷாசலு நரசிம்மன் (7 ஜூன் 1932 – 15 மே 2021) வகையீட்டு வடிவவியலிலும் இயற்கணித வடிவவியலிலும் தடம் பதித்த கணிதவியலாளர். அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்துத் தண்டரையில் உழவுக் குடும்பத்தில் பிறந்தார்.

சென்னை லயோலா கல்லூரியில் அவருக்கு வாய்த்த ஆசான் பிரெஞ்சு இயேசு சபைத் துறவி சார்லஸ் ரசீன். அவர் பாரிஸில் கணிதவியலாளர் எலி கார்த்தானிடம் ஆய்வு செய்தவர். பாடத்திட்டத்தைத் தாண்டி, பிரான்சில் உருவாகிக்கொண்டிருந்த புதுக் கணிதத்தை மாணவருக்குக் காட்டினார். நரசிம்மனும் உடன்படித்த சி. எஸ். சேஷாத்ரியும் 1953இல் பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தனர். பிறகு கணிதவியலாளர் லாரன் ஷ்வார்ட்ஸின் அழைப்பில் பிரான்ஸ் சென்ற நரசிம்மனுக்கு, நுரையீரல் உறை அழற்சியால் மருத்துவமனையில் கிடக்க நேர்ந்தது. கணக்கு மட்டும் படுக்கவில்லை. அந்நாள்களில் ஜப்பானியர் தகேஷி கொதாகேயுடன் செய்த ஆய்வே கொதாகே–நரசிம்மன் தேற்றம்.

நரசிம்மனின் அடுத்த பணியை ஒரு பந்தைக் கொண்டு விளக்கலாம். பந்தின் உச்சியில் ஒரு குச்சியைக் கிடத்தி, திருகாமல் நடுக்கோடு வரை இறக்கி, அக்கோட்டிலேயே கால் சுற்று நகர்த்தி, மீண்டும் உச்சிக்கு ஏற்றினால் அது 90 பாகை திரும்பியிருக்கும். தட்டையான தாம்பாளத்தில் இப்படி ஆகாது. வளைந்த வெளியில் திசையை இவ்வாறு கொண்டுசெல்லும் விதியை இத்தாலியர் லெவி-சிவிதா 1917இல் வகுத்தார். கார்த்தான் அதை விரித்தார். வடிவவியலார் இத்தகைய விதியை ‘இணைப்பு’ என்பர். எண்ணற்ற இணைப்புகளையும் ஒரே ‘பொது இணைப்பி’லிருந்து பெறலாம் என்று நரசிம்மனும் எஸ். ரமணனும் 1961, 1963 கட்டுரைகளில் நிறுவினர். 1974இல் கணிதவியலாளர்கள் செர்னும் சைமன்ஸும் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இதைக் கையாண்டது.

நரசிம்மனின் பெயரை நிலைநாட்டியது 1965இன் நரசிம்மன்–சேஷாத்ரி தேற்றம். ரீமான் பரப்பின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு வெக்டர் வெளியைப் பொருத்தும் ‘வெக்டர் கற்றை’களில் ‘நிலையானவை’ எவை என்பது இயற்கணிதக் கேள்வி. பரப்பிலுள்ள துளைகளைச் சுற்றிவரும் பாதைகளின் குலத்தை யூனிட்டரி அணிகளாக எழுதுவது இன்னொரு துறையின் வேலை. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன என்பதே தேற்றம். இருவேறு வாசல்கள், உள்ளே ஒரே வீடு. கணிதவியலாளர் சைமன் டொனால்ட்சன் 1983இல் இணைப்புகளின் வளைவைக் கொண்டே இதற்குப் புது நிறுவல் தந்தார். 1975இல் குந்தர் ஹார்டருடன் நரசிம்மன் அமைத்த ‘ஹார்டர்–நரசிம்மன் வடிகட்டல்’ நிலையற்ற கற்றைகளையும் படிப்படியாகப் பிரித்துக் காட்டுகிறது.

எம். எஸ். ரகுநாதன், ரமணன், வி. கே. பட்டோடி ஆகியோர் அவருடைய மாணவர்கள். இந்தப் பட்டியலே ஒரு விருதுக்குச் சமம். 1990களில் இத்தாலியின் திரியெஸ்தே நகரில், அனைத்துலகக் கோட்பாட்டு இயற்பியல் மையத்தின் கணிதப் பிரிவுக்குத் தலைமை ஏற்றார். பட்நாகர் விருது (1975), பத்மபூஷண் (1990), லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர் தகுதி (1996) அவருக்குக் கிடைத்தன. 2006இல் மன்னர் ஃபைசல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அதே டொனால்ட்சன். நரசிம்மன் பெங்களூரில் காலமானார்.