பிஞ்சு நெஞ்சம் ஆற நிழல் வேண்டும்

கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் ஆலயத்திலே, தந்தையர் தோளேறிச் சுவாமி வீதியுலாக் காணும் குழந்தைகளைக் கண்டு நாம் மகிழ்கின்றோம். ஆயின், மலைநாட்டிலிருந்து வீட்டுவேலைக்கென அனுப்பப்பட்டு, அடியும் வசையும் உண்டு வளர்ந்த பிள்ளைகளும் நம் கொழும்பு மாநகரின் வரலாற்றில் உளர். இத்தகைய பிள்ளைகளின் துயர் துடைக்க முன்னோர் செய்தது என்ன, நாம் செய்யவேண்டியது என்ன என்பதைச் சிறிது ஆராய்வோம்.

1930ஆம் ஆண்டிலே, தேவதாசி வழக்கத்தினின்று தப்பிய சிறுமியர் சிலர், விடுதிகளில் இடம் மறுக்கப்பட்டு, சென்னையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரை அடைந்தனர். அம்மையார் அவர்களைத் தம் இல்லத்திலேயே ஏற்றுக் கல்விக்கு வழிசெய்தார். ஔவை இல்லம் பிறந்த வரலாறு இதுவே. பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கும் சட்டமோ 1947இல்தான் நிறைவேறிற்று. சட்டத்துக்குப் பதினேழாண்டு முன்னரே ஒரு வீட்டின் கதவு திறந்தது!

ஈழத்திலே 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளைஞர் கட்டளைச்சட்டம், பராமரிப்பும் பாதுகாப்பும் வேண்டிய பிள்ளைகளை நீதிமன்றம் கவனிக்க வழிவகுத்தது. 1941ஆம் ஆண்டின் மகவேற்புக் கட்டளைச்சட்டம், பெற்றோரல்லாதார் பொறுப்பில் வாழும் பிள்ளைகளின் காப்பாளரைப் பதிவுசெய்ய விதித்தது. 1995இல் சிறுவரைக் கொடுமைப்படுத்துதல் தண்டனைச் சட்டக்கோவையில் தனிக்குற்றமாயிற்று. 1998ஆம் ஆண்டின் சட்டத்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை தோன்றிற்று.

சட்டம் பிள்ளையைக் கொடுமையினின்று மீட்கும். ஆனால் மீட்கப்பட்ட பிள்ளையின் மனத்தை ஆற்றுவது யார்? அமெரிக்க மருத்துவர் கெம்பியும் அவர்தம் துணைவரும் 1962இல் அடிபட்ட குழந்தைகளைப் பற்றி எழுதிய பின்னரே, மருத்துவ உலகம் இக்கொடுமையை உற்றுநோக்கத் தொடங்கியது எனலாம். உடற்காயம் ஆறிய பின்னும் அச்சம் ஆறாது. இரவில் திடுக்கிட்டு விழித்தல், காரணமின்றிச் சினத்தல், வாய்திறவாதிருத்தல் ஆகியன குறும்பல்ல, வேதனையின் அடையாளங்கள்.

மட்டக்களப்பிலே போரின் நடுவே, 1996இல் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தொடங்கப்பெற்றது. தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் அங்கு ஒருங்கே களிமண் பிசைந்தனர், ஓவியம் தீட்டினர், கதை சொன்னார்கள், நாடகம் ஆடினார்கள். நடந்ததைச் சொல்லென்று நெருக்காமல், பிள்ளை தானே விரும்பிப் பேசும்வரை பெரியோர் உடனிருந்தனர். ஆற்றுதலின் நெறி இதுவே.

இளைஞர்களே! இதற்குப் பெருநிதி வேண்டியதில்லை. அறநெறி வகுப்பிலோ அயல்வீட்டிலோ ஒரு பிள்ளை தன் துயரைச் சொன்னால், முதலில் நம்புங்கள். "உன்மேல் பிழையில்லை" என்று சொல்லுங்கள். யாருக்கும் சொல்லேன் என வாக்களியாதீர்கள். 1929 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அறிவியுங்கள். துருவித் துருவிக் கேளாதீர்கள். நாளை வருவோம் என்று சொன்னால் நாளை தவறாது செல்லுங்கள். சொன்ன சொல் தவறாத ஒரு பெரியவரைக் கண்டால்தான், ஏமாற்றப்பட்ட பிள்ளைக்கு உலகின்மீது மீண்டும் நம்பிக்கை துளிர்க்கும்.

குடும்ப மானம் என்று சொல்லி மூடிமறைக்கும் வழக்கத்தை நாம் கைவிடுவோம். பிள்ளையின் கண்ணீரை மறைத்துக் காக்கப்படும் மானம் மானமாகாது. அன்று சென்னையில் ஓர் அம்மையார் திறந்த கதவை, இன்று நம் தெருவில் நாமும் திறப்போமாக!