கொடியேற்றிய பிறகு

விடுதலைக்குப் பதினேழு ஆண்டுகள் முன்பே இந்தியர்கள் சுதந்திர தினம் கொண்டாடிவிட்டார்கள். 1929 டிசம்பரில் லாகூரில் கூடிய காங்கிரஸ், பூரண சுயராஜ்யமே இலக்கு என்று தீர்மானித்தது. அடுத்து வந்த 1930 ஜனவரி 26 அன்று மக்கள் ஊர் ஊராகக் கூடிக் கொடியேற்றி உறுதிமொழி எடுத்தார்கள். அந்த நாளை எப்படிக் கழிப்பது என்று காந்தியடிகள் முன்கூட்டியே எழுதியிருந்தார். கொடியேற்றுவதோடு அவர் நிறுத்தவில்லை. நூல் நூற்றல், தீண்டாமை ஒழிப்பு, இந்து முஸ்லிம் ஒற்றுமை, மதுவிலக்கு என்று அவரவரால் இயன்ற ஆக்கப்பணியில் மீதிப் பொழுது கழிய வேண்டும் என்பது அவர் விருப்பம்.

இன்று பெரும்பாலான ஊர்களில் ஆகஸ்ட் 15 அன்று காலை ஒன்பதரை மணிக்குள் விழா முடிந்துவிடுகிறது. கொடி, மிட்டாய், உரை, பிறகு விடுமுறை. அந்த மீதிப் பொழுதைக் குடும்பங்களும் இளைஞர் மன்றங்களும் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு முன்மாதிரி தேடி வெகுதூரம் போக வேண்டாம். 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர்கள் உப்புச் சட்டத்தை மீறத் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடக்கத் தொடங்கினார்கள். அவர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுப்பவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன் எச்சரிக்கை விட்டார். ஆனாலும் கும்பகோணத்தில் பந்துலு ஐயர் தம் வீட்டைத் திறந்துவிட்டார். அதற்காகச் சிறையும் சென்றார். வழியோர கிராமத்தார் சோற்றுப் பொட்டலங்களை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். மரத்தில் தொங்கும் சோற்றுக்கு யாரைக் கைது செய்வது? வேதாரண்யத்தில் வைரப்பன் என்ற சவரத் தொழிலாளி, தம்மிடம் வந்தவர் காவலர் என்று தெரிந்ததும் பாதிச் சவரத்திலேயே கத்தியைக் கீழே வைத்துவிட்டார். ஏப்ரல் 30 அன்று அகத்தியம்பள்ளியில் உப்புச் சட்டம் மீறப்பட்டது. பாடநூலில் தலைவரின் பெயர் முதலில் வருகிறது, அது சரிதான். ஆனால் அந்த யாத்திரை கடற்கரை வரை போய்ச் சேர்ந்ததற்குக் காரணம், சோறு கட்டித் தொங்கவிட்டவர்களைப் போன்ற பெயர் தெரியாத குடும்பங்கள்.

அகத்தியம்பள்ளியில் நினைவுத்தூண் இருக்கிறது. ஆண்டுதோறும் ஏப்ரல் 30 அன்று அங்கே கூடி உப்பள்ளுகிறார்கள். டெல்டா மாவட்டத்து இளைஞர் மன்றங்கள் திருத்துறைப்பூண்டியிலிருந்தாவது சிறுவர்களுடன் அந்த வழியே நடக்கலாம். நடந்து பார்த்த பிள்ளைக்கு அந்த வரலாறு மறக்காது. சென்னைக் குடும்பங்களுக்குப் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகம் இருக்கிறது. 1947 ஆகஸ்ட் 15 விடியற்காலையில் கோட்டையில் ஏற்றப்பட்ட பட்டுக்கொடியை அங்கே பார்க்கலாம்.

வீட்டில் கொடியேற்றுவதும் முன்னைவிட எளிதாகிவிட்டது. 2002-ஆம் ஆண்டுக் கொடி விதித்தொகுப்பு குடிமக்கள் எல்லா நாளும் கொடி ஏற்ற வழிவிட்டது. 2022 ஜூலைத் திருத்தத்துக்குப் பிறகு இரவிலும் அது பறக்கலாம். காவி மேலே இருக்க வேண்டும், தரையில் படக்கூடாது, கிழிந்த கொடியை ஏற்றக்கூடாது. மறுநாள் காலை தெருவில் கிடக்கும் காகிதக் கொடிகளைப் பொறுக்கிச் சேர்க்கும் வேலையைச் சிறுவர்களிடம் கொடுத்தால், கொடிக்கு மரியாதை என்பது அவர்களுக்குத் தானே விளங்கும்.

பதினெட்டு நிறைந்தவர்களுக்கு அதைவிடப் பெரிய வேலை காத்திருக்கிறது. ஆகஸ்ட் 15 அன்று தமிழ்நாட்டுக் கிராம ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேரும், 10,000-க்கு மேற்பட்ட ஊராட்சியில் 300 பேரும் வந்தால்தான் கூட்டம் செல்லும். ஊராட்சியின் வரவு செலவு அங்கே மக்கள் முன் வைக்கப்படுகிறது. ஊர் இளைஞர் மன்றம் அணிவகுப்பு நடத்துவதைவிட, இருபது பேரைத் திரட்டிக்கொண்டு போய் உட்கார்ந்து, குடிநீர்த் தொட்டிக்கு என்ன செலவானது என்று மரியாதையாகக் கேட்பதே உயர்ந்த கொண்டாட்டம். சுயராஜ்யத்தில் ஊராருக்கு நேராகக் கிடைத்த பங்கு அது.

அதே நாளில் பெரிய கோயில்களில் பொது விருந்தும் நடக்கிறது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் முதன்முதலில் நுழைய முடிந்தது 1939 ஜூலை 8 அன்று, வைத்தியநாத ஐயர் அழைத்துச் சென்றபோதுதான். அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு, குடும்பத்தோடு அந்தப் பந்தியில் உட்கார வேண்டும்.

இன்னொரு பணி தள்ளிப்போட முடியாதது. விடுதலையின் வெள்ளிவிழா ஆண்டான 1972-இல் தியாகிகளுக்குத் தாமிரப்பத்திரம் வழங்கப்பட்டது. அவற்றில் பல இன்று பரண்களில் கிடக்கின்றன. மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து ஆணும் பெண்ணுமாகப் பல தமிழர்கள் நேதாஜியின் படையில் சேர்ந்தார்கள். 1943-இல் அமைந்த ஜான்சிராணி படையில் தோட்டத்துப் பெண்கள் பலர் இருந்தனர். அவர்களுடைய கடிதங்களும் படங்களும் பேரப்பிள்ளைகள் வீடுகளில் இருக்கக்கூடும். ஆண்டுக்கு ஒரு குடும்பம் என்று எடுத்துக்கொண்டாலும் போதும். மன்றத்து இளைஞர்கள் இருவர் போய், வீட்டுப் பெரியவர் சொல்வதைக் கைப்பேசியில் பதிந்து, எழுதி, ஒரு படியை ஊர் நூலகத்தில் வைக்கட்டும். அடுத்த ஆகஸ்ட் 15-இல் பள்ளி மேடையேறும் மாணவி தன் தெருக்காரர் ஒருவரைப் பற்றியே பேசலாம்.