நாணயமும் பேரேடும்

நாணயம் என்னும் சொல் தமிழில் இருபொருள் தருவது. கையிலுள்ள காசையும் குறிக்கும். சொன்ன சொல் தவறாத நேர்மையையும் குறிக்கும். காசில்லாதவர் தம் நேர்மையைக் காட்டிக் காசு பெறுவதே கடன். அந்த நேர்மையை யார் அறிந்திருந்தார், எங்கே எழுதிவைத்தார் என்பது காலந்தோறும் மாறிவந்திருக்கிறது.

தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகள், நிவந்தமாக வைக்கப்பட்ட காசைக் கடனாகப் பெற்ற ஊர்ச்சபைகளைப் பெயர் சொல்லிக் குறிக்கின்றன. வட்டி, காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு. அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. கடன் பெற்றவர் தனிமனிதர் அல்லர், சபையார் என்பது கருதத்தக்கது.

தனிமனிதரின் நாணயத்தை அளந்து தொழில் நடத்தியோருள் நகரத்தார் தலையாயவர். ஊரும் கோயிற்பிரிவும் உறவும் அவர்களுக்குள் ஒருவரையொருவர் அறியச் செய்தன. ஐந்தொகையும் பேரேடும் அவ்வறிவுக்குத் துணை நின்றன. ரங்கூன் முகல் தெருக் கோயிலில் கூடி, தமக்குள் வழங்கிய நடப்பு வட்டியை அவர்கள் நிர்ணயித்தனர். ஆனால் அவ்வட்டத்துக்கு வெளியே நின்ற பர்மிய உழவரை அறிய வழியேது? அவரிடம் நிலமே ஈடாகக் கேட்கப்பட்டது. 1930-இல் நெல்விலை வீழ்ந்தபின் கடன்கள் முறிந்தன. 1937-க்குள் கீழ்ப் பர்மாவின் விளைநிலத்தில் ஏறத்தாழக் காற்பங்கு நகரத்தார் கைக்கு வந்துவிட்டது. உழவரும் வாழவில்லை; நிலத்தைப் பெற்றவருக்கும் அது நெடுநாள் நிலைக்கவில்லை. ஆளை அறியாத இடத்தில் கடன் சொத்தைத்தான் நம்பும் என்பதற்கு இதனினும் கொடிய சான்று எனக்குத் தெரியவில்லை.

1969-இல் பதினான்கு வங்கிகள் நாட்டுடைமை ஆயின. கிளைகள் பெருகின, ஆயினும் ஒரு வங்கியில் கடன் வைத்தவரைப் பற்றி அடுத்த வங்கி அறிய வழியில்லை. 2000-இல் 'சிபில்' என்னும் கடன் தகவல் நிறுவனம் தோன்றியது. 2004-இல் தனிநபர் கணக்குகளைத் திரட்டித் தரத் தொடங்கியது. 2005-ஆம் ஆண்டுச் சட்டம் இத்தொழிலை நெறிப்படுத்தியது. வங்கிகள் அனுப்பும் விவரங்களில் பெற்ற கடன், நின்ற பாக்கி, தவணை தவறிய நாட்கள் எல்லாம் அடங்கும். அவற்றிலிருந்து 300 முதல் 900 வரையில் ஒரு மதிப்பெண் கணிக்கப்படுகிறது. கடன் தருவதா மறுப்பதா என முடிவு செய்வது வங்கியே. ஏடு சாட்சி மட்டுமே சொல்கிறது.

சாட்சி இல்லாமையின் கேட்டை 2010-இல் ஆந்திரத்தில் கண்டோம். ஒரே பெண்ணுக்குப் பல குறுங்கடன் நிறுவனங்கள், ஒன்றையொன்று அறியாமல், கடன்மேல் கடன் கொடுத்தன. வசூல் நெருக்கடி முற்றவே, அவ்வாண்டு அக்டோபரில் மாநில அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. இரண்டு குறுங்கடன் நிறுவனங்களுக்கு மேல் ஒருவருக்குக் கடன் தரலாகாது என்று 2011-இல் ரிசர்வ் வங்கி விதித்தது. பொது ஏடு இல்லாமல் அவ்விதியை எவ்வாறு காப்பது?

ஏடும் பிழை செய்யும். குடும்பப் பெயர் இல்லாத தமிழரிடம் படிவம் குடும்பப் பெயர் கேட்கிறது. தந்தை பெயர் ஒரிடத்தில் முன்னும் மற்றோரிடத்தில் பின்னும் ஏறுகிறது. ஆங்கில எழுத்துக்கூட்டலோ கிளைக்குக் கிளை வேறு. (நம் வட்டத்தில் தலைப்பெழுத்தின்றிப் பெயரெழுதுவோர் எத்தனை பேர்!) ஒரு முருகனின் பாக்கி இன்னொரு முருகன் தலையில் விழுந்தால், பழைய ஊர்வாயிடம் முறையிட வழியில்லை; ஏட்டிடம் உண்டு. 2017 முதல் ஆண்டுக்கொரு முறை முழு அறிக்கையை இலவசமாகப் பெறலாம். முறையீடு முப்பது நாட்களில் தீராவிடில் நாளொன்றுக்கு நூறு ரூபாய் ஈடு தரவேண்டும் என 2023-இல் ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. இவ்வுரிமையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

என் கவலை பிழையாக எழுதப்பட்டவரைப் பற்றியதன்று, எழுதப்படாதவரைப் பற்றியது. மகள் பள்ளிக்கட்டணத்துக்கு ஆடியில் தோட்டை அடகுக்கடையில் வைத்துத் தையில் மீட்கிறாள் ஒரு பூக்காரி. முப்பது ஆண்டாக ஒரு தவணை தவறியதில்லை. தெருமுனைச் சீட்டிலும் அவள் பாக்கி வைத்ததில்லை. கடைக்காரரின் சிவப்பு அட்டை நோட்டில் அவள் பெயர் இருக்கிறது. வங்கியின் கணிப்பொறியில் அப்பெயரைத் தட்டினால் 'கடன் வரலாறு இல்லை' என்று வருகிறது.