ஈயின் சமன்குமிழ்

ஈ, கொசு போன்ற இருசிறகிப் பூச்சிகளுக்குப் பின்னிறக்கை இருக்கவேண்டிய இடத்தில் உள்ள, காம்பும் உருண்டையுமான சிற்றுறுப்பு. பறக்கையில் உடல் எப்பக்கம் திரும்புகிறது என்பதை உணர்த்துவது இதுவே. இதை இழந்த ஈ நிலைதடுமாறி விழும். ஜவ்வாது மலையடிவாரத்துக் கலசப்பாக்கத்தில் பலாச்சுளையை மொய்க்கும் ஈயையும், மலைமேல் கூடு கட்டும் தேனீயையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். தேனீக்கு இறக்கை நான்கு. சிறிய பின்னிறக்கை நுண்கொக்கிகளால் முன்னிறக்கையைப் பற்றிக்கொண்டிருக்கும்.

1915இல் அமெரிக்கரான கால்வின் பிரிட்ஜஸ், சமன்குமிழின் ஒரு பகுதி இறக்கைபோல மாறிய பழ ஈ ஒன்றைக் கண்டார். அந்த மரபுத்திரிபைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த எட்வர்ட் லூயிஸ், 1978இல் தம் முடிவுகளைத் தொகுத்து வெளியிட்டார். 1995இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மார்பின் மூன்றாம் கண்டத்தில் அல்ட்ராபைதொராக்ஸ் என்னும் மரபணு செயலிழந்தால் சமன்குமிழ் முழு இறக்கையாகிவிடும். அவர் உருவாக்கிய நான்கிறக்கை ஈ உயிரியல் பாடநூல்களில் நிலைத்துவிட்டது.

அப்படியானால் நான்கிறக்கைப் பூச்சிகளின் பின்னிறக்கையில் இம்மரபணு வேலை செய்யாது என்று எண்ணத் தோன்றும். 1994இல் வெளியான வண்ணத்துப்பூச்சி ஆய்வு அதை மறுத்தது: அங்கும் அது பின்னிறக்கையில் இயங்குகிறது. அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. கம்பளிப்புழுவின் வயிற்றில் இக்குடும்ப மரபணுக்கள் சிறுசிறு திட்டுகளில் அணைந்துவிடுகின்றன. அங்கேதான் பொய்க்கால்கள் முளைக்கின்றன. இறக்கைக்கே திரும்பினால், நம் அடுக்களை மாவில் நெளியும் சிவப்பு வண்டில் ஈயின் நிலைமை தலைகீழ். அதில் இம்மரபணுவை ஒடுக்கினால், மெல்லிய பின்னிறக்கை முன்னிறக்கையைப்போலக் கெட்டியான ஓடாகிறது.

மரபணு ஒன்றே என்றால் மாறியது எது? இக்கேள்வியை இந்தியாவில் விடாமல் தொடர்ந்தவர் எல். எஸ். சசிதரா, முதலில் ஐதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்திலும், பின்னர் புணே ஐசர் நிறுவனத்திலும். 2016இல் வெளியான அவர் குழுவின் ஆய்வு பழ ஈ, தேனீ, பட்டுப்பூச்சி மூன்றையும் ஒப்பிட்டது. தேனீயின் அல்ட்ராபைதொராக்ஸைப் பழ ஈக்குள் செலுத்தியபோது, அது ஈயின் இறக்கை வளர்ச்சியை அடக்கியது. தேனீயின் உடலில் பின்னிறக்கையை விட்டுவைப்பதும் இம்மரபணு ஆக்கும் அதே புரதம்தான்! ஆகவே மாற்றம் ஆணையிடும் புரதத்தைவிட, ஆணையை ஏற்கும் மரபணுக்களின் பக்கமே தேடத்தக்கது. இறக்கையை வடிவமைக்கும் மரபணுக்கள் பலவற்றை இப்புரதம் மூன்று பூச்சிகளிலும் பற்றுகிறது. அந்த உறவு சுமார் 30 கோடி ஆண்டுப் பழமை உடையது. ஆனால் அவற்றுள் பல, பழ ஈயில் மட்டுமே இறக்கையில் ஒருவிதமாகவும் சமன்குமிழில் வேறுவிதமாகவும் இயங்குகின்றன. அம்மரபணுக்களின் அருகே அமைந்து அவற்றை முடுக்கியும் அடக்கியும் வைக்கும் டி.என்.ஏ. துண்டுகளில் நேர்ந்த மாற்றங்களுக்கு இதில் பங்குண்டு என அக்குழு காட்டியது.