நடைபாதையில் விளைந்த ஒரு நீதி

பிழைப்பை நாடிப் பிறந்த ஊரை விட்டு வேற்றூர் சென்ற தமிழருள் நம் இலக்கியம் என்றும் மறவாதவன் கோவலன். புகாரில் கைப்பொருளை இழந்தவன், மதுரையில் புதுவாழ்வு தொடங்க வந்தான். பொற்கொல்லன் சொல்லைக் கேட்ட பாண்டியன், கோவலனை அழைத்து ஒரு சொல்லும் கேட்டானில்லை. ஆராயாது இட்ட அவ்வாணையின் பிழையே சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டம். ஆண்டுவிழா மேடைகளில் அக்காட்சியை நடித்துக் காட்டி நாம் கண்ணீர் வடிக்கிறோம். ஆனால், கேளாமல் இட்ட ஆணை ஒன்றை எதிர்த்து இதே பம்பாய் நகரில், தமிழர் ஒருவரையும் மனுதாரராகக் கொண்டு, ஒரு பெருவழக்கு எழுந்ததை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அவ்வரலாற்றை இம்மலரில் எடுத்துரைப்பது நம் கடமை எனக் கருதுகிறேன்.

அம்மனிதர் சேலத்தைச் சேர்ந்தவர். சொந்த நிலமற்ற உழவுத் தொழிலாளி. வறட்சியால் வேலை இழந்து 1961-ஆம் ஆண்டில் பம்பாய்க்கு வந்தார். தகிசரில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் நாள் ஒன்றுக்கு 23 ரூபாய் கூலிக்கு வேலை கிடைத்தது, வீடு கிடைக்கவில்லை. மேற்கு விரைவு நெடுஞ்சாலையின் நடைபாதையில் பிளாஸ்டிக் தாளாலும் கித்தானாலும் ஆன ஒரு குடிலே அவருக்கு வாய்த்தது. அதற்கும் 2,500 ரூபாயை ஒரு பேட்டைத் தாதா பறித்துக்கொண்டான். அக்குடிலில் மனைவியோடும் மூன்று பெண் மக்களோடும் அவர் வாழ்ந்து வந்தார்.

1981 ஜூலை 13 அன்று, அப்போதைய மகாராஷ்டிர முதலமைச்சர் ஏ. ஆர். அந்துலே ஓர் அறிவிப்பு விடுத்தார். நகரின் நடைபாதைவாசிகள் அனைவரும் அப்புறப்படுத்தப்பட்டு, அவரவர் சொந்த ஊர்களுக்கோ நகருக்கு வெளியேயோ அனுப்பப்படுவர் என்பது அதன் சாரம். மழைக்காலத்தில் இம்மக்கள் இவ்வாறு வாழ்வது மனிதத்தன்மைக்கு ஒவ்வாது என்பது காட்டப்பட்ட காரணம். அந்த மழைக்காலத்திலேயே குடில்கள் இடிக்கப்பட்டன என்பதை என்னென்பது! ஜூலை 23 அன்று மாநகராட்சி அலுவலர்கள் சேலத்துக்காரரின் குடிலைத் தகர்த்தனர். குடும்பத்தோடு அவரைச் சேலத்துக்குப் பேருந்தேற்றினர். மனைவியும் மக்களும் சேலத்தில் தங்கிவிட, அவர் மட்டும் வேலை தேடித் திரும்பி வந்து, மறுபடியும் ஒரு நடைபாதையில் குடியேறினார்.

அந்நெடுஞ்சாலையை ஒட்டியே காமராஜ் நகர் என்னும் குடியிருப்பும் இருந்தது. சாலையோரம் குடிநீர்க் குழாய் பதிக்க வந்த தொழிலாளர்கள் 1960-ஆம் ஆண்டு வாக்கில் அமைத்த அவ்விடத்தில் ஐந்நூறுக்கு மேற்பட்ட குடில்கள் இருந்தன என்று அங்கு வாழ்ந்தோர் தம் மனுவில் கூறினர். உயர்நீதிமன்றத்தில், அக்டோபர் 15 வரை குடில்களை இடிப்பதில்லை என அதிகாரிகள் தரப்பு ஒப்புக்கொண்டிருந்தும், இரண்டே நாளில் தங்களைப் பேருந்துகளில் அடைத்து அனுப்பினர் என்றும், அப்பயணத்தில் இரு குழந்தைகள் பிறந்தன, இரு குழந்தைகள் இறந்தன என்றும் அவர்கள் முறையிட்டனர்.

வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. பத்திரிகையாளர் ஓல்கா டெல்லிஸ், மக்கள் சிவில் உரிமைக் கழகம் முதலியோர் குடில்வாசிகளோடு மனுதாரராக நின்றனர். மாநகராட்சி தன் துணையாகக் காட்டியது 1888-ஆம் ஆண்டின் பம்பாய் மாநகராட்சிச் சட்டத்தை. அதன் 314-ஆம் பிரிவு, தெருவிலும் நடைபாதையிலும் எழுப்பிய அமைப்புகளை முன்னறிவிப்பின்றியே அகற்ற ஆணையருக்கு அதிகாரம் அளித்திருந்தது.

கோவலன் குற்றமற்றவன். சேலத்துக்காரர் குடியிருந்த இடமோ சட்டப்படி அவருக்கு உரியதன்று. உரிமையற்ற இடத்தில் இருப்பவனுக்கும் தன் நிலையை எடுத்துரைக்கும் உரிமை உண்டா? வழக்கின் உயிர்நாடி இக்கேள்வியில் இருந்தது.

1985 ஜூலை 10 அன்று தலைமை நீதிபதி ஒய். வி. சந்திரசூட் தலைமையிலான ஐவர் அமர்வு தீர்ப்பளித்தது. ஐவருள் ஒருவர் தமிழரான நீதிபதி ஏ. வரதராஜன். அரசியல் சட்டத்தின் 21-ஆம் விதி காக்கும் உயிர்வாழும் உரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும்; பிழைப்பைப் பறிப்பது உயிரைப் பறிப்பதற்கு ஒப்பாகும் என்று நீதிமன்றம் கூறியது. மேலும், 314-ஆம் பிரிவு முன்னறிவிப்பின்றி அகற்ற இடந்தருகிறதே அன்றி, அறிவிப்பே தரக்கூடாது எனக் கட்டளையிடவில்லை. அறிவித்து, மறுதரப்பைக் கேட்டபின் செயற்படுவதே பொது விதி. கேளாமை அரிதான விலக்கு என்றும் விளக்கியது.

ஆயினும் அத்தீர்ப்பை முழு வெற்றி என்று கூறுவதற்கில்லை. நடைபாதை நடப்பவர்க்கு உரியது. அதை ஆக்கிரமிக்க எவர்க்கும் உரிமை இல்லை. 1888-ஆம் ஆண்டுச் சட்டம் செல்லும் என்றே நீதிமன்றம் முடிவு செய்தது. மனுதாரர் தரப்பைத் தானே விரிவாகக் கேட்டுவிட்டமையால், ஆணையர் மீண்டும் கேட்க வேண்டியதில்லை என்றது. 1976-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அடையாள அட்டை பெற்றோர்க்கு மாற்றிடம் தர வேண்டும். 1985 அக்டோபர் 31 வரை எவரையும் அகற்றலாகாது என்று பணித்தது. மழை கழியும் வரை காத்திருக்க நேர்ந்ததே குடில்வாசிகள் பலருக்கும் கைமேல் கிடைத்த பலன்.

பின்னாளில் வீடிடிப்பு வழக்குகள் பலவற்றில் இத்தீர்ப்பு எடுத்தாளப்பட்டது. 2024 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம், கட்டடங்களை இடிக்குமுன் 15 நாள் முன்னறிவிப்பும் நேரில் கேட்கும் வாய்ப்பும் தர வேண்டும் என்று நாடு முழுமைக்கும் நெறி வகுத்தது. ஆனால் சாலை, தெரு, நடைபாதை ஆகிய பொது இடங்களின் ஆக்கிரமிப்புகளுக்கு அந்நெறிகள் பொருந்தா என்று விலக்கும் அளித்தது. சேலத்துக்காரர் நின்ற அதே நடைபாதை இன்னும் வாசலுக்கு வெளியேதான் இருக்கிறது.

அன்பர்களே, நாம் இன்று காலனி வாசிகள். நமக்கு முகவரி உண்டு. குடும்ப அட்டை உண்டு. வாசலில் பெயர்ப்பலகையும் உண்டு. நம் வாயிலருகே குடில் முளைத்தால் வார்டு அலுவலகத்துக்கு விண்ணப்பம் எழுதுபவரும் நாமே. நடக்க இடம் வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை, எழுதுவதில் பிழையில்லை. எழுதும்போது இன்னும் ஒரு வரி சேர்த்து எழுதுவோம்: “அகற்றுமுன் அவர்களையும் கேளுங்கள்; மழைக்காலம் கழியட்டும்; மாற்றிடம் காட்டுங்கள்.”

நம் முன்னோரும் கையில் தகரப் பெட்டியோடு இதே விக்டோரியா டெர்மினஸில் வந்திறங்கியவர்கள். அவர்களுள் சிலருக்கு உறவினர் வீட்டுத் திண்ணை கிடைத்தது. சிலருக்கு நடைபாதை கிடைத்தது. இருவருக்கும் இடையே இருந்த தொலைவு மிகச் சிறிது. அதை நினைவிற்கொண்டால், கேளாமல் இடிக்கும் கையை நாம் கைதட்டி வரவேற்க மாட்டோம்.