காயில் ஓவர் சஸ்பென்ஷன்

ஷாக் அப்சார்பரின் உடலைச் சுற்றியே சுருள் ஸ்ப்ரிங் அமர்ந்திருக்க, அந்த ஸ்ப்ரிங்கைத் தாங்கும் தட்டைத் திருகி மேலும் கீழும் நகர்த்த முடிகிற கார் சஸ்பென்ஷன் அமைப்பே காயில் ஓவர். ஷாக்கைச் சுற்றி ஸ்ப்ரிங் என்பது மட்டுமே பெயரின் பொருள் என்றால், இன்று சாலையில் ஓடும் பெரும்பாலான சிறு கார்களின் முன்பக்க ஸ்ட்ரட்டும் காயில் ஓவர்தான். ஆனால் கடைக்காரரும் மெக்கானிக்கும் இந்தச் சொல்லைச் சொல்லும்போது, உடலில் மரை வெட்டப்பட்ட, உயரம் மாற்றக்கூடிய ரகத்தையே சொல்கிறார்கள். ஸ்போர்ட்ஸ் காரைத் தரையோடு தாழ்த்த விரும்புகிறவர் வாங்குவதும் அதைத்தான்.

வடசென்னைக்கும் காயில் ஓவரின் அடிப்படையான சுருள் ஸ்ப்ரிங்குக்கும் உள்ள உறவு பழையது. 1948-இல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், மறு ஆண்டே எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டத் தொடங்கியது. அந்தக் காரின் முன்பக்கத்தில் சுருள் ஸ்ப்ரிங், பின்பக்கத்தில் லீஃப் ஸ்ப்ரிங். 1955-இல் நிறுவனம் அசோக் லேலண்ட் ஆனது. கார் போய் லாரியும் பஸ்ஸும் வந்தன, அவற்றோடு லீஃப் ஸ்ப்ரிங்கே எண்ணூரின் சஸ்பென்ஷன் ஆயிற்று. அத்தகைய லாரிகள் இன்று கண்டெய்னரை ஏற்றிக்கொண்டு துறைமுகச் சாலையில் பதிக்கும் தடத்தில்தான் தாழ்த்திய கார் ஒன்று உரசிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.

பந்தயமும் தொலைவில் இல்லை. எண்ணூருக்கு மேற்கே, கொல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டிய சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் பின்னாளில் கார் பந்தயத் தடமாயிற்று. 1953-இல் அமைந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பல ஆண்டுகள் போட்டி நடத்திவிட்டு, 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் தனக்கென்று தடம் கட்டிக்கொண்டது. 2024 ஆகஸ்ட் இறுதியில் தீவுத்திடலைச் சுற்றி இரவு வீதிப் பந்தயமும் நடந்தது. வேடிக்கை பார்த்துவிட்டு வீடு திரும்பும் இளைஞருக்குத் தன் காரும் அப்படித் தரையில் ஒட்டி நிற்க வேண்டும் என்று தோன்றுவதில் வியப்பில்லை.

தாழ்த்துவதன் பயன் எளிது. காரின் எடைமையம் கீழே வந்தால், வளைவில் உள்பக்கச் சக்கரத்திலிருந்து வெளிப்பக்கச் சக்கரத்துக்கு மாறும் எடை குறையும். நான்கு டயர்களும் பிடிப்பைப் பகிர்ந்துகொள்ளும். கார் சாய்வதும் குறைய வேண்டும். ஆனால் மேக்ஃபர்சன் ஸ்ட்ரட் கொண்ட காரில், அதாவது மேலே சொன்ன சிறு கார்களில், ஒரு பக்கவிளைவு உண்டு. அளவுக்கு மீறி இறக்கினால், சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் கிடைமட்டத்தைத் தாண்டி வெளிமுனை மேல்நோக்கி நிற்கும். அப்போது கார் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி, எடைமையத்தைவிட வேகமாகக் கீழே இறங்கிவிடுகிறது. இரண்டுக்கும் இடைவெளி கூடுவதால் சாய்வு குறைவதற்குப் பதில் கூடப் பார்க்கும். பள்ளத்தில் விழும்போதெல்லாம் ஸ்டீயரிங் தானாக ஒரு பக்கம் இழுக்கும். பால் ஜாயின்டையும் டை ராடு முனையையும் இடம் மாற்றித் தரும் பாகங்கள் வாங்காமல் 40 மி.மீ.க்கு மேல் இறக்குகிறவர் அழகைத்தான் வாங்குகிறார், ஓட்டத்தை அல்ல.

சந்தையில் மூன்று வகை உண்டு. பழைய ஷாக்கின் மேல் மரை வெட்டிய குழாயை மாட்டுவது முதல் வகை. விலை குறைவு, ஆனால் ஷாக்கின் அடக்கும் திறன் புதிய ஸ்ப்ரிங்கின் கடினத்துக்கு ஈடு கொடுக்காது என்பதால் கார் குதித்துக்கொண்டே இருக்கும். இரண்டாவது, மரை வெட்டிய உடலும் ஸ்ப்ரிங்கும் ஒரே ஜோடியாக வருவது. இதில் ஸ்ப்ரிங் தட்டை இறக்கினால் உயரம் குறையும், கூடவே ஷாக் கீழே அமுங்குவதற்கு மிச்சமுள்ள தூரமும் குறையும். மூன்றாவதில் ஸ்ப்ரிங் தட்டைத் தொடவே வேண்டாம். அடிப்பிடியே திருகில் ஏறி இறங்கி ஷாக்கின் மொத்த நீளத்தை மாற்றுகிறது. ஷாக்கின் ஓட்டதூரம் குறையாது என்பது இதன் சிறப்பு. அதற்காக டயர் மட்கார்டில் இடிக்காது என்று நம்பிவிடக் கூடாது; அதைத் தடுக்கும் ரப்பர் தடுப்பின் உயரத்தையும் புதிதாகக் கணக்கிட வேண்டும்.

தட்டை ஏற்றித் திருகினால் ஸ்ப்ரிங் கடினமாகும் என்பது பட்டறைகளில் பரவிக் கிடக்கும் தவறான எண்ணம். ஒரே சீரான ஸ்ப்ரிங்கின் கடினம் திருகுவதால் மாறாது. வெட்டினால் மாறும்: ஆறு சுற்றில் ஒன்றை வெட்டினால் கடினம் ஐந்தில் ஒரு பங்கு கூடும். கேஸ் வைத்து வெட்டினால் சூட்டில் எஃகின் பதமும் போய்விடும். ஸ்ப்ரிங் வெட்டித் தாழ்த்திய கார் தூக்கிப் போடுவதற்கு இதுவே காரணம்.

எவ்வளவு கடினம் வேண்டும் என்பதை அதிர்வெண்ணால் அளப்பது பொறியாளர் வழக்கம். சொகுசுக்குச் செய்த கார் வினாடிக்கு ஒன்று முதல் ஒன்றரை முறை வரை ஆடும். ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றரை முதல் இரண்டு வரை. ஒரு சக்கரத்தின் மேல் 300 கிலோ அமர்ந்திருக்கிறது என்று கொள்வோம். வினாடிக்கு 1.2 முறைக்குச் சக்கரத்தில் 17 நியூட்டன்/மி.மீ. கடினம் போதும், 1.8 முறைக்கு 38 வேண்டும். இது சக்கரத்தில் தேவைப்படும் கடினம். ஸ்ப்ரிங் சக்கரத்திலிருந்து உள்ளே தள்ளி நின்றால், நகர்வு விகிதத்தின் இருமடியால் வகுக்க வேண்டும். சக்கரம் 10 மி.மீ. ஏறும்போது ஸ்ப்ரிங் 7 மி.மீ. மட்டுமே அமுங்கும் காரில் அதே 38-க்கு ஏறக்குறைய 78 நியூட்டன்/மி.மீ., அதாவது பெட்டியின் மேல் (ஒரு மி.மீ.க்கு) ‘8 கிலோ’ என்று எழுதியிருக்கும் ஸ்ப்ரிங் தேவை. அதே ‘8 கிலோ’வை, ஸ்ப்ரிங் ஏறக்குறையச் சக்கரத்தின் அளவே அமுங்கும் ஸ்ட்ரட் காரில் மாட்டினால் எலும்பு கலகலத்துப்போகும். பெட்டியில் உள்ள எண்ணை மட்டும் ஒப்பிட்டு வாங்குவதில் பயனில்லை.

உயரத்தைத் தீர்மானிப்பது உண்மையில் வேகத்தடைதான். இந்திய சாலைப் பேரவையின் விதிப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம், 17 மீட்டர் ஆரம் கொண்ட மெல்லிய வளைவாக இருக்க வேண்டும். 2.45 மீட்டர் வீல்பேஸ் உள்ள கார் அதன் நடுவில் நிற்கும்போது முன்சக்கரமும் பின்சக்கரமும் வளைவின் மேலேயே நிற்கும். சக்கரங்களுக்கு இடையே தரை எழும்புவது வெறும் 44 மி.மீ. விதிப்படியான வேகத்தடையில் தாழ்ந்த காரும் தாராளமாகப் போகலாம். தெருமுனைகளில் ஊரார் போட்டுக்கொள்ளும் குறுகிய தடையில் சக்கரங்கள் இரு பக்கமும் தரைக்கு இறங்கிவிடுகின்றன, வயிற்றுக்குக் கீழே முழு 10 செ.மீ. நிற்கிறது. 165 மி.மீ. தரை இடைவெளி உள்ள காரை 50 மி.மீ. இறக்கினால் மிச்சம் 15 மி.மீ. பின்னிருக்கையில் 70 கிலோவுக்கு இரண்டு பேர் ஏறினால், மேலே சொன்ன கடின ஸ்ப்ரிங்கே பின்பக்கத்தில் சுமார் 18 மி.மீ. அமுங்கும். சைலன்சர் தட்டும் சத்தம் கேட்கும். 25 மி.மீ. மட்டும் இறக்கியவர் நண்பர்களையும் ஏற்றிக்கொண்டு மெதுவாகக் கடந்துவிடலாம்.

ஷாக்கின் அடக்கும் திறனை மாற்றும் குமிழ்களைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே குமிழ் உள்ளதில் பெரும்பாலும் விரிவின் வேகம் கட்டுப்படும். இரண்டு குமிழ் இருந்தால் அமுக்கத்தைத் தனியே மாற்றலாம். குண்டும் குழியுமான சாலைக்கு அமுக்கத்தைத் தளர்த்தி விரிவைச் சற்று இறுக்குவது தொடக்கத்துக்குப் போதும். முப்பது ‘கிளிக்’ இருப்பது விளம்பரத்துக்கு நல்லது. ஓட்டுகிறவர் உணர்வது அதில் ஐந்தாறு.

எண்ணூரின் நெட்டுக்குப்பத்தில் நிறுத்தும் காருக்கு இவற்றையெல்லாம்விடப் பெரிய கேள்வி உப்பு. கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டிய இந்த மீனவர் ஊர், 2011-இல் கத்திவாக்கத்தோடு சேர்ந்து சென்னை மாநகராட்சிக்குள் வந்தது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கழிமுகம்; காற்றில் உப்பு, வட்டாரத்து அனல்மின் நிலையங்களின் சாம்பலும் சேரும். காயில் ஓவரின் உயிர் அதன் மரையில் இருக்கிறது. துத்தநாகப் பூச்சுள்ள எஃகு உடலில் பூச்சு உரிந்த இடத்தில் துரு ஏறி, ஸ்ப்ரிங் தட்டைத் தாங்கும் வளையம் பிடித்துக்கொண்டால், உயரம் மாற்றும் வசதி பெயரளவில்தான். அலுமினிய வளையமும் எஃகு உடலும் உப்பு ஈரத்தில் உரசி நின்றால் இரண்டுக்கும் இடையே மின்வேதி அரிப்பு நிகழும், அலுமினியம் வெள்ளைத் தூளாக உதிரும். கடற்கரை வீட்டுக்காரர் கூடுதல் பணத்தை இன்னொரு குமிழுக்குக் கொடுப்பதைவிடத் துருப்பிடிக்காத எஃகு உடலுக்குக் கொடுப்பது அறிவுடைமை. ஜெர்மனியின் கே.டபிள்யூ நிறுவனம் அத்தகைய உடலோடு செய்கிறது.

மரையில் கிரீஸ் தடவுவது இங்கே பாதி மருந்து, பாதி நோய்: சாம்பலும் மணலும் அதில் ஒட்டி அரம்போல் ராவும். காய்ந்து படியும் மெழுகுப் பூச்சு மேல். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் சக்கரக் குழியைக் கழுவுவதும், ஆண்டுக்கு இரண்டு முறை வளையங்களைத் தளர்த்தித் திரும்ப இறுக்குவதும் போதும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்தில் பரவியபோது படகுகளும் வலைகளும் பட்டபாடு ஊரறிந்தது. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் ஊதி மென்மையாகிவிடும். அத்தகைய நீரில் நின்ற காரில் ஸ்ப்ரிங்கைவிட முதலில் பார்க்க வேண்டியவை ரப்பர் புஷ்களும் தூசி உறைகளும்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் மூல விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மாட்டும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்தில் கேட்டுவிடுவது நல்லது.

மாட்டிய பிறகு வீல் அலைன்மென்ட் கட்டாயம். முடிந்தால் நான்கு சக்கரத்துக்கும் தனித்தனித் தராசு வைத்து, ஓட்டுநர் இருக்கையில் அவருடைய எடையை ஏற்றி, மூலைவிட்ட எடைகள் சமமாகும்படி வளையங்களைத் திருக வேண்டும். காயில் ஓவருக்குக் கொடுக்கும் பணத்தின் முழுப்பயன் இந்த வேலையில்தான் கிடைக்கிறது, செய்துகொள்கிறவர்களோ குறைவு. எண்ணூருக்கும் திருவொற்றியூருக்கும் அன்றாடம் போய்வரும் காருக்கு 25 மி.மீ. இறக்கம் போதும், அதற்கும் கீழே வேண்டுமென்றால் அந்தக் காரை இருங்காட்டுக்கோட்டைக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போவதே சரி.