ஒப்பாவ்

யூரியா மூட்டையைப் பார்த்தா எனக்கு ஒப்பாவ் ஞாபகம்தான் வரும். ஜெர்மனியில் ரைன் நதிக்கரை ஊர். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து அம்மோனியா ஆக்கும் உலகின் முதல் தொழிற்சாலையை பி.ஏ.எஸ்.எஃப் கம்பெனி 1913-ல் அங்கேதான் ஓட்ட ஆரம்பித்தது. அடுத்த வருஷமே உலகப்போர். உரத்துக்கான அம்மோனியா வெடிமருந்துக்குப் போச்சு.

போர் முடிஞ்சு மறுபடி உரம். அம்மோனியம் நைட்ரேட்டும் சல்ஃபேட்டும் கலந்த சரக்கு, கிடங்கில் பாறையா இறுகிடும். எதை வச்சு உடைச்சாங்க தெரியுமா? டைனமைட்! ஆயிரக்கணக்கான தடவை ஒண்ணும் ஆகலை. ('போன ரிலீஸ்ல ஓடுச்சே'ன்னு டெஸ்ட் பண்ணாம விடுற நம்மாளுங்க மாதிரி.) 1921 செப்டம்பர் 21 காலையில் கிடங்கே வெடிச்சுது. ஆலையிலும் ஊரிலுமா 500 பேருக்கு மேல் செத்தாங்க. பத்தில் எட்டு வீடு தரைமட்டம். ஆறாயிரத்துச் சொச்சம் பேர் தெருவில்.

ஆலை சில மாசத்தில் திரும்ப ஓடிடுச்சு.